தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் கறுப்பு ஈக்கள்

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஹாலிலும் படுக்கையறையிலுமாகப் பதினான்கு தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கொசு மாதிரி சின்னக் கறுப்புப் பூச்சிகள் தொட்டிகளிலிருந்து கிளம்பி, காபி டம்ளரிலும் டிவி வெளிச்சத்திலும் மொய்க்கின்றன. பீஸ் லில்லி தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடுகிறது. ஜீஜீ பிளான்ட் எட்டு மாதமாக ஒரு தளிர்கூட விடவில்லை. தொட்டியின் அடித்துளை வழியாகப் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ தெரிகிறது. தட்டில் தேங்கிய தண்ணீரில் வெள்ளைப் பொடிப் பூச்சிகள் துள்ளுகின்றன. நர்சரியில் ஒரு குருணை மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, தொட்டிக்கு ஒரு ஸ்பூன் போடச் சொன்னார்கள். மூன்று வயதுக் குழந்தை இருப்பதால் இன்னும் பிரிக்கவில்லை. மாமியார் தினமும் அரிசி கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுகிறார். வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பேசாமல் எல்லாச் செடிகளையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் செடிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பொட்டலத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

அதை நீங்கள் பிரிக்கவில்லை என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெயர் இல்லாமல் பொட்டலமாகக் கைமாறும் குருணை என்றால் கார்போஃபியூரான், ஃபோரேட் போன்ற ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே பூச்சியின் நரம்பைத் தாக்குவது போலவே மனித நரம்பையும் தாக்கும் நஞ்சுகள். ஃபோரேட்டை 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தியாவில் பயன்படுத்தவே தடை இருக்கிறது. கார்போஃபியூரான் வயலுக்கான மருந்து. வீட்டு ஹாலில், தரையில் விளையாடி மண்ணைக் கையில் எடுத்து வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. முறையாக விற்கப்படும் எந்தப் பூச்சிமருந்து டப்பாவிலும் ஒரு நிற அடையாளம் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அந்த அடையாளத்தைப் பார்க்கும் உரிமையைக்கூட உங்களுக்குக் கொடுக்காமல் பொட்டலம் கட்டித் தந்தது பெரிய தவறு. கையுறை போட்டு, அதை மூடியுள்ள டப்பாவில் வைத்து, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். சிங்க்கிலோ குப்பைத் தொட்டியிலோ போட வேண்டாம். யார் கையிலாவது பட்டு, வாந்தி, வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண்மணி சுருங்குதல் என்று ஏதாவது தெரிந்தால், யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். டப்பாவையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் தொட்டிகளில் இருப்பது மூன்று வெவ்வேறு உயிர்கள். ஒன்று தொல்லை, ஒன்று எதிரி, ஒன்று அப்பாவி. காபியில் விழும் கறுப்பு ஈக்கள்தான் கண்ணில் படுகின்றன, அதனால் அவைதான் பெரிய பிரச்சினை போலத் தெரியும். எனக்குக் கவலை தருவது ஜீஜீ பிளான்ட்டின் அடித்துளையில் தெரியும் அந்த வெள்ளைப் பஞ்சுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஈக்கள். வீட்டுச் செடி வளர்ப்பவர்கள் ஃபங்கஸ் நாட் என்பார்கள். காளான் வளர்ப்பவர்களைக் கேட்டால் சியாரிட் ஈ என்பார்கள், காளான் படுக்கைக்கு அது பரம எதிரி. இரண்டு, மூன்று மி.மீ. நீளம், மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். நேராகப் பறக்கத் தெரியாமல் தள்ளாடித் தள்ளாடிப் பறக்கும். தொட்டியைத் தட்டினால் மண்ணை ஒட்டியே ஓடிக் கிளம்பும். வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈ இதுவல்ல. அது சற்றுப் பருத்த பழுப்பு உடம்பும் சிவந்த கண்ணும் கொண்டது. இந்தக் கறுப்பு ஈ கடிக்காது, நோய் பரப்பும் கொசுவும் இல்லை. பறக்கும் ஈயின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள்தான். ஆனால் அதற்குள் ஒரு பெண் ஈ ஈரமான மேல்மண்ணில் நூறு, இருநூறு முட்டை வரை இட்டுவிடும். நான்கைந்து நாளில் முட்டை பொரிந்து, கண்ணாடி போன்ற வெள்ளைப் புழு வெளிவரும். தலை மட்டும் பளபளவென்று கறுப்பாக இருக்கும். இந்தப் புழுக்கள் மண்ணில் பூஞ்சையையும் மட்கும் குப்பையையும் தின்று வளரும். கூட்டம் பெருகி உணவு குறைந்தால் மெல்லிய வேர்களைக் கடிக்கும். நன்கு வளர்ந்த செடி அதைத் தாங்கிக்கொள்ளும், நாற்றும் புதிதாக வேர்விட்ட குச்சியும் தாங்காது. முட்டையிலிருந்து ஈ வரை நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று வாரம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த வைத்தியம் செய்தாலும் மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

பதினான்கு தொட்டிகளிலும் புழு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக வெட்டி, ஒவ்வொரு தொட்டியிலும் மண்மீது லேசாக அழுத்தி வைத்துவிடுங்கள். இரண்டு, மூன்று நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். புழு இருந்தால் வில்லையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தத் தொட்டியில் அதிகம் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். என் அனுபவத்தில் இப்படிப் பார்த்தால் இரண்டு, மூன்று தொட்டிகள்தான் பண்ணையாக இருக்கும். மற்றவற்றில் வந்து போகும் விருந்தாளிகள்தான். பூச்சியோடு அந்த வில்லையைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாம், கொஞ்சம் புழுவும் குறையும்.

இந்த ஈக்களை உண்மையில் வரவழைப்பது மேல்மண்ணின் ஈரம். அது வற்றாத வரை எந்த மருந்தும் நிற்காது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் வரவேற்பறை முழுக்கப் பீஸ் லில்லி வைத்திருந்தார்கள். ஈ மொய்க்கிறது என்று தினமும் மாலை கொசு ஸ்பிரே அடித்தார்கள், மாதக்கணக்கில். ஈ செத்தது, மறுநாள் வேறு ஈ வந்தது. நான் போய்ச் செடியை வெளிப்புறச் செராமிக் தொட்டியிலிருந்து தூக்கிப் பார்த்தேன். அழகுக்காக வைத்த அந்த ஓட்டையில்லாத தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். எல்லாத் தொட்டியிலும் அப்படியே. தண்ணீரைக் கொட்டி, பத்து நாள் ஊற்றாமல் விட்டதிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. உங்கள் தட்டிலும் தண்ணீர் தேங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே அதைக் கொட்டிவிடுங்கள். இனி ஊற்றி அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஏன் திடீரென்று பெருகியது என்றால், காற்றில் ஈரம் கூடி, வெயில் குறைந்து, செடி குடிக்கும் தண்ணீர் பாதியாகிவிடுகிறது. நாம் மட்டும் சித்திரை மாதக் கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறோம். அதோடு இப்போது நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட். மேலே பழுப்பாகக் காய்ந்தது போலக் காட்டும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். கண்ணை நம்பாதீர்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, தொட்டியின் பாதி ஆழம் வரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈர்க்கில் மண் துகள் ஒட்டி, தொட்டால் குளுமையாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மணி பிளான்ட், சிங்கோனியம் போன்றவற்றுக்கு மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஸ்நேக் பிளான்ட்டுக்கும் ஜீஜீக்கும் தொட்டி முழுவதும் காய வேண்டும். வீட்டுக்குள் அதற்கு மூன்று வாரம்கூட ஆகலாம், பயப்படாதீர்கள். அழகுக்காக மண்மீது கூழாங்கல் பரப்பியிருந்தால் இந்த மாதம் எடுத்துவிடுங்கள். அது ஈரத்தைக் காயவிடாமல் மூடி வைக்கிறது.

மண் காயும்போதே பறக்கும் ஈக்களைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் அட்டை வாங்குங்கள், விதைக்கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவி வைத்தாலும் வேலை செய்யும். இந்த ஈ உயரப் பறப்பதில்லை, அதனால் அட்டையைச் செடி உச்சியில் தொங்கவிடாமல் மண்ணுக்கு அருகில் படுக்கையாக வையுங்கள். வாரம் ஒருமுறை எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கை இறங்குவதைப் பார்ப்பது மனதுக்கே ஒரு தெம்பு.

மண்ணில் உள்ள புழுவுக்கு எனக்குப் பிடித்த மருந்து ஒரு பாக்டீரியா. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் தேங்கிய தண்ணீர்க் குட்டையில் கண்டெடுக்கப்பட்டது. நம் ஊரில் கொசுப்புழு ஒழிக்கும் மருந்தாகக் கிடைக்கிறது. இந்தப் பாக்டீரியா உருவாக்கும் புரதம், கொசு, ஃபங்கஸ் நாட் போன்ற சில வகைப் புழுக்களின் குடலில் மட்டும்தான் கரைந்து நஞ்சாகும். நம் வயிற்றில் ஆகாது, மண்புழுவுக்கும் கேடில்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கரைத்து, வழக்கமாக ஊற்றும் தண்ணீருக்குப் பதிலாக வாரம் ஒருமுறை வீதம் நான்கு வாரம் ஊற்றுங்கள். முட்டையையும் கூட்டுப்புழுவையும் இது கொல்லாது, அதனால்தான் திரும்பத் திரும்ப. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘பி.டி.’ என்று மட்டும் கேட்டால் காய்ப்புழுவுக்கான கர்ஸ்டாகி வகையை எடுத்துக் கொடுப்பார்கள். அதை ஊற்றினால் ஈப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ‘இஸ்ரேலென்சிஸ்’ என்ற சொல் லேபிளில் இருக்க வேண்டும்.

வேப்பம்புண்ணாக்கு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மொட்டை மாடித் தோட்டத்துக்கு அருமையான பொருள், நானே பரிந்துரைப்பேன். ஆனால் வெயில் படாத ஹால் தொட்டியில் மண்மீது தூவினால் இரண்டே நாளில் வெள்ளைப் பூசணம் பிடித்து, அந்த ஈக்களுக்கே விருந்தாகிவிடும். டீத்தூள், காபி மண்டி, முட்டை ஓடு, ஊறவைத்த வாழைப்பழத்தோல் தண்ணீர் எல்லாமே வீட்டுக்குள் இதே கதைதான்.

இனி பீஸ் லில்லி. தண்ணீர் இல்லாவிட்டாலும் இந்தச் செடி தொங்கும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் தொங்கும். வாடியதைப் பார்த்து ஊற்ற, அது மேலும் வாட, மேலும் ஊற்ற என்று பலருடைய செடி இப்படித்தான் போகிறது. மண் ஈரமாக இருக்கும்போதே வாடினால் வேரில்தான் கோளாறு. தொட்டியைச் சாய்த்து மெதுவாக உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் மேல்தோல் உருவி வந்து நடுவில் நூல் மட்டும் நிற்கும், வாடையும் அடிக்கும். அழுகியதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியில், புதுக் கலவையில் நடுங்கள். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் எனும் லேசான வெள்ளைக் கல்துகள் அல்லது கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய மண்புழு உரம் அரைப் பங்கு இருந்தால் தண்ணீர் தங்காது. இரண்டு, மூன்று கிழங்குக் கொத்து இருந்தால் பிரித்து நடுங்கள். ஒன்று போனாலும் ஒன்று பிழைக்கும்.

அடுத்து ஜீஜீ. அந்த வெள்ளைப் பஞ்சு வேர் மாவுப்பூச்சியாக இருக்கும் என்பது என் ஊகம். செம்பருத்தி, பப்பாளியில் இலைமீது வருகிறதே, அதன் உறவினம். இது மண்ணுக்கு அடியிலேயே வாழ்ந்து வேரில் சாற்றை உறிஞ்சும். வெளியே ஒரு பூச்சியும் தெரியாது. செடி சாகவும் சாகாது, வளரவும் வளராது. இலை மெல்ல வெளிறும். இதைக் கவனிக்கத் தவறி, உரக் குறைவு என்று நினைத்து உரம் போட்டுப் போட்டு ஒரு நல்ல செடியை நான் இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து, வளராமல் நிற்கும் எந்தச் செடியையும் முதலில் தொட்டியிலிருந்து உருவித்தான் பார்க்கிறேன்.

நீங்களும் பழைய செய்தித்தாளை விரித்து, பால்கனியில் வைத்து உருவுங்கள். தொட்டியின் உள்சுவரிலும் வேர்களுக்கு இடையிலும் நீலம் கலந்த வெள்ளை மெழுகுப் பொடி படிந்திருந்து, அதற்குள் அரிசிக் குருணை அளவில் மெதுவாக நகரும் வெள்ளைப் பூச்சிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பெர்லைட்டையும் இதையும் குழப்பிக்கொள்வார்கள். விரலால் நசுக்குங்கள்: பெர்லைட் நறநறவென்று பொடியும், மாவுப்பூச்சி ஈரமாகப் பிசுபிசுக்கும். தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தால் அதுவும் ஓர் அடையாளம். மாவுப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீருக்காக எறும்புகளே அவற்றைக் காத்து, சில சமயம் இடம் மாற்றியும் வைக்கும்.

உறுதியானால் பாதி வைத்தியம் செய்யாதீர்கள். மண் முழுவதையும் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், பால்கனித் தொட்டிகளில் கொட்டிவிடாதீர்கள். வேரைக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் பூச்சி போகும் வரை கழுவுங்கள். ஜீஜீக்கு உருளைக்கிழங்கு போலத் தடித்த கிழங்கு இருப்பதால், சல்லிவேர்களில் பாதியை வெட்டினாலும் மீண்டுவிடும்; அதனால் தைரியமாக வெட்டலாம். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி திரவச் சோப்பும் நன்றாகக் கலக்கி, கிழங்கோடு பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள். தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி வெயிலில் வையுங்கள். புதுக் கலவையில் நட்டு ஒரு வாரம் கழித்து, லெக்கானிசிலியம் லெக்கானி என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம். மாவுப்பூச்சி மீது படர்ந்து அதைக் கொல்லும் பூஞ்சை இது. உயிரியல் இடுபொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் மறுபடி உருவிப் பாருங்கள். முட்டை தப்பியிருந்தால் அப்போது தெரியும்.

இந்தச் செடியோடு ஒரே தட்டில் நின்ற தொட்டிகள் எவை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தொட்டியிலிருந்து வடியும் தண்ணீரோடு குஞ்சுப்பூச்சி அடுத்ததுக்குப் போகும், அதனால் அவற்றையும் உருவிப் பார்க்க வேண்டும். மணி பிளான்ட்டில் இருந்தால் இத்தனை பாடுபட வேண்டாம். மேலிருந்து கணுவோடு நான்கு குச்சி வெட்டிக் கழுவித் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டுவிட்டு, பழைய வேரையும் மண்ணையும் கழித்துவிடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் விடும். உருவும்போது எந்த வேரிலாவது மணி மணியாக வீக்கம் இருந்து, உரித்தால் தனியாக வராவிட்டால், அது வேர் முடிச்சு நூற்புழு. துளசி, கனகாம்பரம் போன்றவற்றில் அதிகம், ஹால் செடிகளில் குறைவு. அந்தச் செடியை மண்ணோடு கழிப்பதுதான் வழி.

இந்த வேலைகளைக் கையுறை போட்டே செய்யுங்கள். ஜீஜீ, பீஸ் லில்லி, மணி பிளான்ட் மூன்றின் சாற்றிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு, தோல் அரிக்கும். குழந்தை இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். பூச்சி இல்லாவிட்டாலும் இந்த மூன்றும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

தட்டில் துள்ளுகிறதே, அந்த வெள்ளைப் பொடிப் பூச்சி ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் வால் போன்ற உறுப்பை உதைத்துத் துள்ளும். மட்கும் குப்பையையும் பூசணத்தையும்தான் தின்னும், உயிருள்ள செடியைத் தொடாது. தட்டுத் தண்ணீரைக் கொட்டினாலே குறைந்துவிடும். அதற்கு மருந்து வேண்டாம்.

இனி எந்தப் புதுச் செடி வந்தாலும் மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியாக வையுங்கள். வந்த அன்றே உருவி வேரைப் பார்த்துவிடுங்கள். பால்கனியில் எடுத்த பழைய மண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால், நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் பையில் கட்டி, சித்திரை வைகாசி வெயிலில் நான்கைந்து வாரம் வேகவிட்ட பிறகுதான். மாவுப்பூச்சியும் நூற்புழுவும் இருந்த மண்ணுக்கு இதுவும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் மாமியாரின் அரிசி கழுவிய தண்ணீர். அதில் கரைந்திருக்கும் மாவுதான் மண்ணில் பூஞ்சையை வளர்க்கிறது, பூஞ்சைதான் புழுவை வளர்க்கிறது. இத்தனை வருடம் தோட்டம் போட்டவருக்கு இது கெட்ட பழக்கமே இல்லை; வெயிலில் நிற்கும் செடிக்கு அது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும், ஹாலில் காயாது. அதனால் ‘ஊற்றாதீர்கள்’ என்று சொல்லாதீர்கள். வெயில் படும் பால்கனி மூலையில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வாங்கி வைத்து, “அத்தை, இதற்கு ஊற்றுங்கள், இது உங்கள் பொறுப்பு” என்று ஒப்படைத்துவிடுங்கள்.